உப்பும் உப்புசமும்

மரக்காணம் நெருங்கும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையின் நிறமே மாறிவிடும். சவுக்கும் தென்னையுமாக வந்த வழி சட்டென்று கண்கூசும் வெள்ளைக்குள் நுழையும். 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளம். ஆந்திரத்திலிருந்து இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற ஊர் இது. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். வண்டியில் உப்பேற்றி உள்நாட்டுக்குப் போன உமணர்களின் பிள்ளைகளோடு குரங்கு விளையாடும் காட்சியும் அதே நூலில் வருகிறது.

சித்திரை வெயிலில் சாலையோரம் கல்லுப்பு மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவர். விடியற்காலையில் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, பகலில் இங்கே விற்பவர். நான் எழுதுவது மருத்துவ அறிவியல் என்று தெரிந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"பாக்கெட் உப்பு போட்டு ஆக்கினா வயிறு உப்பிக்குது தம்பி. அதுல என்னமோ கலக்கறாங்க. எங்க கல்லுப்புன்னா ஒண்ணும் பண்றதில்ல."

"எத்தனை நாளா இப்படி இருக்குக்கா?"

"அது ஆச்சு ஏழெட்டு வருஷம். வலி பிடுங்கும். வெளியே போயிட்டு வந்தா விட்டுடும். போவலன்னா ராவெல்லாம் கல்லு மாதிரி கெடக்கும்."

உப்பு என்ற பெயரும், வீங்குதல் என்ற பொருளில் வரும் உப்பு என்ற வினையும் நம் மொழியில் ஒரே ஒலி. உப்புசம் அந்த வினையோடு உறவுள்ள சொல். அந்த அக்காவின் புகாரில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. பாக்கெட்டில் இருக்கும் ஏதோ ஒன்று வயிற்றை உப்ப வைக்கிறது என்கிறார். அவர் சொன்னதை நாட்டுப்புற நம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. எந்தச் சேர்க்கைப் பொருள் வயிற்றைக் கெடுக்கிறது என்ற கேள்வியை உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

அவர் சொன்ன குறிகளுக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. குடல் எரிச்சல் நோய், டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்பார்கள். கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி. அந்த வலிக்கும் மலம் கழிப்பதற்கும் தொடர்பு, மலம் போகும் தடவையில் மாற்றம், அதன் தன்மையில் மாற்றம்: இந்த மூன்றில் குறைந்தது இரண்டு. தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருத்தல். 2016-இல் வெளியான 'ரோம் 4' வரையறை இது. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் பலருக்கு "உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்ற பதில் கிடைக்கிறது. இந்தியக் குடல்நோய் மருத்துவர் சங்கம் அமைத்த குழு, லக்னோவின் உதய் கோஷல் தலைமையில், 4,500 பேரை ஊர்களிலேயே சந்தித்துக் கணக்கெடுத்து 2008-இல் அறிக்கை தந்தது. நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல் இந்த நோய் இருந்தது.

சரி, பாக்கெட் உப்பில் என்ன கலக்கிறார்கள்?

முதலில் அயோடின். காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவும் நடத்திய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பு கழுத்துக்கழலையைக் குறைப்பதைக் காட்டியது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்கத் தடை. வீட்டுக்கு வரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருக்க வேண்டும். பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாத அளவு. இவ்வளவு சிறிய அளவு அயோடின் வயிற்றை உப்ப வைக்க வழியில்லை.

இரண்டாவது, உப்பு கட்டி தட்டாமல் இருக்கச் சேர்ப்பது. பல பாக்கெட்டுகளில் ஐ.என்.எஸ். 536 என்று அதன் சர்வதேச எண்ணை அச்சிட்டிருக்கும். பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. பெயரில் 'சயனைடு' இருப்பதால் 2019-இல் இதைப் பற்றி ஒரு பீதி கிளம்பி வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. இந்தச் சேர்மத்தில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. வயிற்றில் அது எளிதில் பிரியாது. கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். கிலோ உப்புக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம்தான் அனுமதி. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி இந்தியர் ஒருவர் தினமும் சராசரியாக 8 கிராம் உப்புச் சாப்பிடுகிறார். அதில் ஃபெர்ரோசயனைடு 0.08 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர் வாழ்நாள் முழுக்கத் தினமும் 1.5 மில்லிகிராம் வரை உட்கொண்டாலும் கேடில்லை என்பது சர்வதேச நிபுணர் குழு வகுத்த அளவு. நாம் உண்பது அதில் இருபதில் ஒரு பங்கை ஒட்டியது. குடல் எரிச்சலோடு இதைத் தொடர்புபடுத்தும் சான்றும் கிடையாது.

உப்பு கட்டி தட்டுவது ஏன் என்று மரக்காணத்துப் பாத்தியைப் பார்த்தாலே விளங்கும். உவர்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் ஜிப்சம் படியும். அடர்த்தி போமே அளவில் 25 பாகையைத் தொடும்போது சமையல் உப்பு பூக்கத் தொடங்கும். 29 பாகை தாண்டினால் மிச்ச நீரில் மெக்னீசிய உப்புகள் திரண்டுவிடும். நாக்கில் வைத்தால் கசக்கும். அந்த நீரை வெளியேற்றாவிட்டால் உப்பும் கசக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து நசநசத்தும் போகும்.

அந்தக் கசப்பு நீரில்தான் நாம் தேடுகிற விடையின் முதல் நுனி இருக்கிறது. அதில் உள்ள மெக்னீசியம் சல்பேட்டைத்தான் நாட்டு மருந்துக் கடையில் பேதியுப்பு என்று வாங்குகிறோம். குடல் அதை முழுதாக உறிஞ்சிக்கொள்வதில்லை. உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் எதுவும் தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான். குடிப்பது, சுரப்பது எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 8, 9 லிட்டர் நீர் குடலுக்குள் இறங்குகிறது. அதில் ஏறக்குறைய முழுவதையும் குடல் திரும்ப எடுத்துக்கொள்வதால்தான் நாம் நிம்மதியாக நடமாடுகிறோம். அந்தக் கணக்கில் கொஞ்சம் தவறினாலும் வயிற்றைக் கலக்கும்.

பேதியுப்பு செய்யும் அதே வேலையை ஓசையில்லாமல் செய்யும் சேர்க்கைப் பொருட்கள் நம் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. சார்பிட்டால் (ஐ.என்.எஸ். 420), மானிட்டால் (421), ஐசோமால்ட் (953), மால்டிட்டால் (965), சைலிட்டால் (967). சர்க்கரையில்லாத சூயிங்கம், 'சுகர் ஃப்ரீ' சாக்லெட், சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் பிஸ்கட்டும் இனிப்பும், இருமல் மருந்து என்று பலவற்றில் இவை உண்டு. நாவுக்கு இனிப்பு, சிறுகுடலுக்கோ இவற்றை உறிஞ்சுவது கடினம். இந்தக் குடும்பத்தில் எரித்ரிட்டால் (968) மட்டும் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடும்.

பெர்லினில் நடந்த ஒன்றை 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. 21 வயதுப் பெண். எட்டு மாதமாக வயிற்றுப்போக்கு, வலி. 11 கிலோ எடை குறைந்துவிட்டது. என்னென்னவோ பரிசோதனைகள் செய்தும் பிடிபடவில்லை. கடைசியில் அன்றாடம் என்ன சாப்பிடுகிறார் என்று நிதானமாகக் கேட்டபோது விஷயம் வெளிவந்தது. நாள் முழுக்கச் சர்க்கரையில்லாத சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். அதன் மூலம் தினமும் 18 முதல் 20 கிராம் சார்பிட்டால் உள்ளே போயிருக்கிறது. நிறுத்தியதும் வயிற்றுப்போக்கு நின்றது, எடை ஏறியது. யாருமே உணவாகக் கருதாத ஒன்று அவரைப் படுத்தியிருக்கிறது. நலமாக இருப்பவர்களுக்கே 10 கிராம் சார்பிட்டால் உப்புசத்தையும், 20 கிராம் வலியையும் போக்கையும் தரும் என்பது 1983-லேயே தெரிந்த செய்தி.

நம் நாட்டுச் சட்டத்துக்கும் இது தெரியும். பாலியால் எனப்படும் இந்த வகை இனிப்புகள் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் உணவின் உறையில், பாலியால்கள் பேதியை உண்டாக்கலாம் என்று அச்சிட்டாக வேண்டும். ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில் அந்த வரி இருக்கும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு. தீபாவளிக்கு ஆசையாக 'சுகர் ஃப்ரீ' மைசூர்பாகு தின்றுவிட்டு, மறுநாள் மாத்திரைதான் சேரவில்லை என்று அதை நிறுத்திவிடும் ஒருவரை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. அந்த வரி தமிழில், படிக்கிற அளவில் இருக்க வேண்டும்.

நீரை இழுப்பது ஒரு வழி. காற்றைக் கிளப்புவது இன்னொன்று. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மாவுப்பொருளை அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன் உண்டாக்கும். இட்லி மாவு பொங்குவது போலத்தான். 'நார்ச்சத்து நிறைந்தது' என்று விற்கும் பல பிஸ்கட்டுகளிலும் புரதப் பொடிகளிலும் சேர்ப்பது இனுலின். சிக்கரிக் கிழங்கிலிருந்து எடுப்பது. உடம்புக்கு நல்லதென்று நம்பி வாங்குவதால் இதன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 16 பேருக்கு இனுலினும் ஃபிரக்டோஸும் தனித்தனி நாளில் கொடுத்து வயிற்றை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். ஃபிரக்டோஸ் சிறுகுடலில் நீரைக் கூட்டியது. இனுலின் பெருங்குடலில் காற்றைக் கூட்டியது. இப்படி நீரையும் காற்றையும் பெருக்கும் சர்க்கரைகளை 'ஃபாட்மேப்' என்று ஒரே பெயரில் தொகுத்தவர்கள், மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும்.

சிக்கரி என்றதும் நம் டம்ளர் காபி நினைவுக்கு வராமல் இருக்காது. "காபி குடிச்சா உடனே ஓடணும்" என்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த ஒரு டம்ளரில் மூன்று பேர் சந்தேகத்துக்குரியவர்கள். காபியே பெருங்குடலை முடுக்கிவிடும். சிக்கரியில் இனுலின் இருக்கிறது. வறுக்கும்போது ஒரு பகுதி சிதைந்தாலும் மீதி இருக்கும். மூன்றாவது பால். 1981-இல் தில்லி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்கள் வட இந்தியரில் 27 சதவீதம், தென்னிந்தியரில் 67 சதவீதம். மூவரில் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று நாள் பால் இல்லாமல் காபி, மூன்று நாள் சிக்கரி கலக்காத தூளில் பால் காபி, மூன்று நாள் காபியே இல்லாமல் அதே அளவு பால். வேறெதையும் மாற்றக்கூடாது. ஒன்பது நாளில் ஓரளவு தெளிவு கிடைத்துவிடும். மருத்துவர்கள் செய்வதும் அடிப்படையில் இதே முறைதான்.

சமையலறையில் யாரும் கவனிக்காத இன்னொன்று, கூட்டுப் பெருங்காயம். டப்பாவைத் திருப்பினால் மைதாவோ அரிசி மாவோ, அதோடு கருவேலக் குடும்பத்து மரப்பிசினும் இருக்கும். வாயுவுக்கு மருந்தாகப் போடும் பொருளில் கோதுமை. ஒரு சிட்டிகையில் போகும் கோதுமை குடல் எரிச்சல் உள்ளவரைப் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் கோதுமையே ஆகாத சீலியாக் நோய் உள்ளவருக்குச் சிட்டிகையும் கூடாது; அரிசி மாவு கலந்ததை அவர்கள் தேடி வாங்க வேண்டும்.

இப்போது ஆய்வாளர்களை அதிகம் யோசிக்க வைப்பவை பால்மமாக்கிகள். எண்ணெயும் நீரும் பிரியாமல், ஐஸ்கிரீம் வழவழப்பாக, பிரெட் மென்மையாக இருக்கச் சேர்ப்பவை. பாலிசார்பேட் 80 (433), கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் (466) இரண்டும் எலிகளின் குடல் சவ்வைக் காக்கும் கோழைப் படலத்தை அரித்ததை 2015-இல் 'நேச்சர்' வெளியிட்டது. மனிதரில் சோதித்த முடிவு 2022-இல் வந்தது. நலமாக இருந்த 16 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் 11 நாள் தினமும் 15 கிராம் 466 கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் வயிற்று அசௌகரியம் சற்றுக் கூடியது. குடல் நுண்ணுயிர்களின் வகை குறைந்தது. இருவருக்குப் பாக்டீரியா கோழைப் படலத்துக்குள் ஊடுருவியிருந்தது. சாதாரணமாக நாம் உண்பதைவிட இந்த அளவு அதிகம், ஆட்களோ மிகக் குறைவு. பயப்பட இது போதாது. அலட்சியம் செய்யவும் முடியாது. அஜினோமோட்டோ விஷயம் வேறு மாதிரி. 1968-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஒரே ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது அதன் கெட்ட பெயர். எதைத் தின்கிறோம் என்று தின்பவருக்கே தெரியாமல் பிறகு நடந்த மறைமுகச் சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை.

மறைமுகச் சோதனை ஏன் அவசியம் என்பதற்கு நார்வேயில் நடந்தது நல்ல பாடம். கோதுமையின் குளூட்டன் தங்களுக்கு ஆகாது என்று உறுதியாக நம்பிய 59 பேர். மூன்று வகைத் தானியக் கட்டிகள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் இனுலினின் உறவான ஃபிரக்டான், ஒன்றில் எதுவும் இல்லை. எது எதுவென்று அவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. 2018-இல் முடிவு வந்தது. மிக மோசமான தொந்தரவு 24 பேருக்கு ஃபிரக்டானில், 13 பேருக்கு மட்டுமே குளூட்டனில், 22 பேருக்கு எதுவுமே சேர்க்காத கட்டியில்!

அந்த 22 பேரும் நடித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வலி வரும் என்று எதிர்பார்க்கும் மனம் குடலை நிஜமாகவே இறுக்குகிறது. 1973-இல் ரிச்சி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பெருங்குடலில் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். 60 மில்லி காற்றுக்கே குடல் எரிச்சல் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் வலித்தது. மற்றவர்களில் வெகு சிலருக்குத்தான். அதே காற்று, அதே அளவு. நரம்பு மட்டும் கூர்மையாகிவிட்டது. அது எப்படிக் கூர்மையாகிறது என்பதற்கு 2021-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விடை. குடலில் கிருமித் தொற்று வந்த சமயத்தில் உண்ட உணவையும் சேர்த்து உடம்பு பகையென்று நினைவில் வைத்துக்கொள்கிறது. தொற்று ஆறிய பிறகும் அந்த உணவு வரும்போதெல்லாம் குடல் சுவரின் அந்த இடத்தில் மட்டும் ஒவ்வாமை கிளம்பி வலி நரம்பைத் தூண்டுகிறது. கோடையிலும் வெள்ளக் காலத்திலும் வயிற்றுப்போக்கு வந்து போகும் நம் ஊர்களுக்கு இது முக்கியமான செய்தி.

ஆக, கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான். ஓரிரு வாரம் என்ன சாப்பிட்டோம், வயிறு என்ன சொன்னது என்று எழுதி வைப்பது. சந்தேகத்துக்குரியதை இரண்டு முதல் ஆறு வாரம் விலக்குவது. குறைந்தால், ஒவ்வொன்றாக மூன்று நாளைக்கு அளவைக் கூட்டிக்கொண்டே திரும்பச் சேர்ப்பது. இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்; விலக்கியதெல்லாம் விலக்கியதாகவே இருந்து, தட்டில் சோறும் மோரும் மட்டும் மிஞ்சிவிடுகிறது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுச் சோதனை வேண்டாம், நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

அக்காவின் உப்புக்கு வருகிறேன். சேர்க்கைப் பொருட்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உப்பையே சொல்லலாம். அமெரிக்காவில் ரத்த அழுத்தத்துக்காக 412 பேரிடம் நடந்த 'டாஷ்-சோடியம்' ஆய்வின் பதிவுகளை 2019-இல் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அதிக உப்புச் சாப்பிட்ட காலத்தில் உப்புசம் 27 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவர்கள் குடல் எரிச்சல் நோயாளிகள் அல்ல. இருந்தாலும் கவனிக்க வேண்டிய எண். தூளுப்பு ஒரு கரண்டியில் நெருக்கமாக அமரும். கல்லுப்பில் இடைவெளி அதிகம். ஒரே கரண்டியால் அளந்தால் தூளுப்பில்தான் எடை கூட. பாக்கெட் உப்புக்கு மாறியபோது அவர் குழம்பில் உப்பு கூடியிருக்கலாம். இன்னொன்றும் தோன்றியது. பாக்கெட் உப்பு அடுப்படிக்கு வந்த வருடங்களில்தான் பாக்கெட் மசாலாவும் நூடுல்ஸும் கிரீம் பிஸ்கட்டும் கூடவே வந்தன.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அயோடின் உப்பை விட வேண்டாம், அதிலேயே கல்லுப்பாகவும் கிடைக்கிறது என்றேன். பாக்கெட் உப்பையும் உங்கள் கல்லுப்பையும் பொடித்து, பார்த்தால் வேறுபாடு தெரியாதபடி இரண்டு டப்பாவில் மகளைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள், எதில் எது என்று அவள் உங்களிடம் சொல்லக் கூடாது, வாரத்துக்கு ஒன்றாக எடைபோட்டுச் சமைத்துப் பாருங்கள் என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்கக்கா?"

"எங்க குடிக்கறது. ராத்திரி மூணு மணிக்குப் பாத்தியில எறங்கினா பத்து மணி ஆவும் ஏற. தண்ணி குடிச்சா ஒதுங்கணும். வயித்தைக் கலக்கினாலும் அடக்கிக்கினுதான் நிக்கறது. இங்க எங்கப்பா ஒதுங்க?"

உப்பு வாரும் தொழிலாளர்களுக்கு வெயிலும் நீரிழப்பும் சிறுநீரகத்தில் ஏற்படுத்தும் பாதிப்பைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குடலைப் பற்றி அந்த அக்காவைக் கேட்டவர் யாரும் இல்லை. அடக்க அடக்க மலம் இறுகும், காற்று அடையும், வலி கூடும். எந்த டப்பாவின் பின்புறத்திலும் அச்சிடாத தூண்டுதல் அது. அவர் கை காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைப் பாத்திகள். நடுவில் ஒரு சுவர் இல்லை, மறைவுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு செடி இல்லை.